சிறுநீர் சரி, ஈரல் சரி, ஆனாலும் பிள்ளை வீங்குகிறதா? குடல் நிணநீர்க் கசிவு பற்றிப் புதிய பெற்றோருக்கு

காலையில் கண் இமை வீங்குகிறது, மாலையில் கால் வீங்குகிறது, வயிறு உப்பிக்கொண்டே போகிறது. சிறுநீரைச் சோதித்தால் ஒன்றும் இல்லை. ஈரல் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், இதயமும் சரி என்கிறார்கள். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. இப்படி ஒரு குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால், குடலைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நான் சொல்ல வந்ததில் பாதி இந்த ஒரு வரிதான்.

நாங்கள் கேரள–தமிழ்நாடு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம். எங்கள் மகளுக்கு இந்த நோய் இருக்கிறது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தமிழும் மலையாளமும், ஆஸ்பத்திரிக்கு ஒரு நேரம் பாலக்காடு, ஒரு நேரம் கோயம்புத்தூர். வேலந்தாவளம், கோவிந்தாபுரம், எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனைமலை, பொள்ளாச்சி என்று இந்தச் சுற்றுவட்டாரத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் இதே அலைச்சல்தான். நான் மருத்துவர் இல்லை. டாக்டரைப் பார்க்கும் முன்பும் பார்த்துவிட்டு வந்த பிறகும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். மருந்தின் அளவையும் கொழுப்பின் கிராம் கணக்கையும் உங்கள் பிள்ளையைப் பார்க்கிற டாக்டரும் டயட்டீஷியனும்தான் எழுதித்தர வேண்டும்.

நோய் இதுதான்

பெயர் பிரைமரி இன்டெஸ்டினல் லிம்ஃபாஞ்சியெக்டேசியா. அமெரிக்க மருத்துவர் தாமஸ் வால்ட்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1961-இல் இதை விவரித்ததால் வால்ட்மன் நோய் என்றும் ஃபைலில் எழுதுவார்கள். அரிய நோய். பெரும்பாலும் மூன்று வயதுக்குள் தெரிந்துவிடும், சிலருக்குப் பெரியவர்களான பிறகும் தெரியவரும்.

உடம்பில் ரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. வயலில் தேங்குகிற நீரை வடிகால் எடுத்துப்போவதுபோல், திசுக்களில் மிஞ்சும் நீரை இவை எடுத்துக்கொண்டுபோய் ரத்தத்தில் சேர்க்கின்றன. சிறுகுடலில் இந்தக் குழாய்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நாம் சாப்பிடும் எண்ணெய், நெய், தேங்காய் ஆகியவற்றின் கொழுப்பை ஏற்றிச் செல்வது இவைதான். இந்த நோயில் அந்தக் குழாய்கள் பிறவியிலேயே சரியாக அமையாமல் விரிந்து, அழுத்தம் ஏறி, குடலுக்குள்ளேயே கசிகின்றன. கசிவது வெறும் தண்ணீர் இல்லை. அல்புமின், நோயை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின், லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்கள், கொழுப்பு, கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் எல்லாம் சேர்ந்தே போகின்றன. அல்புமின் குறைந்தால் ரத்தக் குழாய்க்குள் நீர் நிற்காது, திசுக்களில் போய்த் தேங்கும். வீக்கம் அப்படித்தான் வருகிறது.

கொழுப்பு சாப்பிடச் சாப்பிட அந்தக் குழாய்களில் நிணநீர் அதிகமாகும், கசிவும் அதிகமாகும். சிகிச்சையின் அடித்தளமே இதுதான் என்பதால் இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எதைக் கவனிப்பது

கணைக்கால் எலும்பில், அதாவது முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்து எலும்பின் மேல், கட்டைவிரலை வைத்துப் பத்து வினாடி அழுத்திப் பிடித்துவிட்டு எடுங்கள். பள்ளம் விழுந்து மெல்ல நிரம்பினால் அது நீர் கோத்த வீக்கம். இரண்டு காலிலும் செய்து பாருங்கள். ஒரு கால் மட்டும் தடித்து, அழுத்தினாலும் பள்ளம் விழாமல் கெட்டியாக இருந்தால் அது நிணநீர் வீக்கமாக இருக்கலாம். இந்தக் குழந்தைகளில் சிலருக்கு அதுவும் கூடவே இருக்கும். இரண்டையும் தனித்தனியாக டாக்டரிடம் சொல்லுங்கள்.

சாக்ஸைக் கழற்றும்போது கணுக்காலில் அச்சு ஆழமாக விழுந்திருக்கிறதா, அரைஞாண் கயிறு இறுகுகிறதா, மலம் அடிக்கடி இளகி, எண்ணெய்ப் பிசுக்காகப் போகிறதா, பிள்ளை உயரம் கூடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். எடையை நம்பி ஏமாறாதீர்கள். நீர் சேர்ந்த எடையும் தராசில் எடைதான். பார்ப்பவர்கள் "பிள்ளை நல்லா பூசினாப்ல இருக்கே" என்பார்கள். கைகள் மெலிந்து, கன்னமும் வயிறும் காலும் மட்டும் பூசியிருந்தால் அது சதை இல்லை. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு எடையும், தொப்புளுக்கு நேராக வயிற்றுச் சுற்றளவும் எடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டாக்டருக்கு உங்கள் வாய்ச்சொல்லைவிட அந்த நோட்டு உதவும்.

பாலக்காட்டுப் பக்கம் கால் வீங்கினால் முதலில் மந்து, அதாவது யானைக்கால் என்ற பயம் வருவது இயல்பு. யானைக்கால் கொசுவால் பரவுவது, இது அப்படி இல்லை. யாரிடமிருந்தும் தொற்றாது, யாருக்கும் தொற்றவும் செய்யாது. ஆனாலும் யானைக்காலை உண்டாக்கும் ஃபைலேரியா புழு உள்ள பகுதி என்பதால் டாக்டர் இரவில் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னால் மறுக்க வேண்டாம். அந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் நடமாடும், அதனால்தான் அந்த நேரம்.

முதல் சுற்றுச் சோதனைகள்

குழந்தைக்கு வீக்கம் என்றால் எந்த டாக்டரும் முதலில் நினைப்பது நெஃப்ராடிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரக நோயை. அது சரியான நினைப்புதான், அதுதான் அதிகம் வருவது. ஆனால் அந்த நோயில் சிறுநீரில் புரதம் ஏராளமாகப் போகும், கொலஸ்ட்ரால் ஏறியிருக்கும். குடல் கசிவில் சிறுநீரில் புரதம் "நில்" (இல்லை) அல்லது "டிரேஸ்" (மிகச் சிறிது) என்று வரும், கொலஸ்ட்ரால் சாதாரணமாகவோ குறைவாகவோ இருக்கும். எங்கள் மகளுக்குச் சிறுநீர்ச் சீட்டு சுத்தமாக இருந்தும், ஓர் இடத்தில் நெஃப்ராடிக் என்று சொல்லி ஸ்டீராய்டு தொடங்கினார்கள். முகம் உருண்டு பசி கூடியதே தவிர வீக்கம் போகவில்லை. உங்களுக்கு அப்படி நடந்தால், "சிறுநீரில் புரதம் இல்லையே, அப்படியானால் அல்புமின் எங்கே போகிறது?" என்று மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். ஒன்று மட்டும்: ஸ்டீராய்டைத் தொடங்கிவிட்டார்கள் என்றால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

இந்தக் கட்டத்தில் எடுக்க வேண்டியவை: சிறுநீர், அல்புமின், மொத்தப் புரதம், ஈரல் சோதனை, முழு ரத்த எண்ணிக்கை, கால்சியம், கொலஸ்ட்ரால், வயிற்று ஸ்கேன், நெஞ்சு எக்ஸ்ரே, இதயத்துக்கு எக்கோ. எக்கோவைத் தள்ளிப்போட வேண்டாம். இதயத்தின் மேலுறை இறுகிப்போனாலும் குடலின் நிணநீர் பின்னால் தேங்கி இதே மாதிரிக் கசியும், அதற்கு வைத்தியம் முற்றிலும் வேறு. வயிற்றுக் காசநோய், நிணநீர்க் கட்டிப் புற்றுநோய், கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய், ஒற்றை இதய அறைக்காகச் செய்யும் ஃபான்டன் அறுவை ஆகியவற்றிலும் குடலில் புரதம் கசியலாம். இவை ஒவ்வொன்றையும் விலக்கிய பிறகுதான் "பிரைமரி" என்ற சொல்லை எழுத முடியும்.

அல்புமின் பொதுவாக டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும். 2.5-க்குக் கீழே போனால் வீக்கம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

ரத்த எண்ணிக்கைச் சீட்டில் ஒரு கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மொத்த வெள்ளணு 8,000, லிம்ஃபோசைட் 15 சதவீதம் என்று இருந்தால், 8,000-த்தில் 15 சதவீதம் 1,200. லேப் சீட்டில் அச்சடித்திருக்கும் சாதாரண அளவு பல இடங்களில் பெரியவர்களுக்கானது, 1,000-க்கு மேல் இருந்தால் சரி என்று காட்டும். ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்கு இந்த எண்ணிக்கை 3,000-த்துக்கு மேல் இருப்பதுதான் வழக்கம். 1,200 அந்தக் குழந்தைக்கு மிகக் குறைவு. சீட்டில் சிவப்புக் குறி இல்லை என்று யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். அல்புமினும் குறைவு, லிம்ஃபோசைட்டும் குறைவு, இம்யூனோகுளோபுலின் ஐ.ஜி.ஜி.யும் குறைவு என்று மூன்றும் சேர்ந்து வந்தால் அது குடல் நிணநீர்க் கசிவைத்தான் பலமாகக் காட்டுகிறது. இந்த மூன்றையும் ஒரே தாளில் தேதிவாரியாக எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள்.

கால்சியத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. கால்சியத்தில் ஒரு பகுதி அல்புமினோடு ஒட்டிக்கொண்டு ஓடுவதால், அல்புமின் குறைந்தால் மொத்தக் கால்சியமும் குறைவாகத் தெரியும். உண்மையிலேயே குறைவா என்று பார்க்க அயனைஸ்டு கால்சியம் என்ற சோதனையைக் கேட்க வேண்டும்.

உறுதி செய்வது

இங்கே இருந்துதான் குழந்தைகள் குடல் நோய் நிபுணர் வேண்டும். ஊரில் உள்ள குழந்தை மருத்துவரை விட்டுவிடாதீர்கள், காய்ச்சலுக்கும் அவசரத்துக்கும் அவர்தான். ஆனால் நோயை நிர்ணயிக்கவும் உணவுத் திட்டம் போடவும் கோயம்புத்தூர், கொச்சி, திருவனந்தபுரம், வேலூர் போன்ற இடங்களில் உள்ள பெரிய மையம் ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கும். பாலக்காட்டிலிருந்து எர்ணாகுளத்துக்கும், கோயம்புத்தூரிலிருந்து வேலூர் காட்பாடிக்கும் ரயில் இருப்பதால் பயணம் பெரிய தடை இல்லை.

மலத்தில் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற சோதனை உண்டு. ரத்தத்தில் உள்ள இந்தப் புரதம் குடலில் செரிக்காது. அது மலத்தில் அதிகமாக இருந்தால் புரதம் குடல் வழியாகக் கசிகிறது என்பது உறுதி. எல்லா லேபிலும் செய்ய மாட்டார்கள், மாதிரியைப் பெரிய நகரத்துக்கு அனுப்புவார்கள்.

அடுத்தது எண்டோஸ்கோபி. மயக்கம் கொடுத்துச் செய்வதால் குழந்தைக்கு வலி தெரியாது. முன்சிறுகுடலில் தூவிவிட்ட ரவை போல வெள்ளை வெள்ளைப் புள்ளிகள் தெரியும். கொழுப்பை ஏற்றிக்கொண்டு வெளியேற வழியில்லாமல் வீங்கி நிற்கும் நிணநீர் நுனிகள் அவை. அந்த இடத்தில் துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் விரிந்த குழாய்கள் தெரியும். நோய் குடல் முழுக்கச் சீராக இருக்காது, திட்டுத்திட்டாக இருக்கும். அதனால் பல இடங்களில் துணுக்கு எடுப்பார்கள். முதல் பயாப்சி வெறுமையாக வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

இதை அடிக்கோடிட்டு வையுங்கள்: எண்டோஸ்கோபிக்கு முன்பாகவே நீங்களாகக் கொழுப்பைக் குறைத்துவிட்டால் அந்த வெள்ளைப் புள்ளிகள் மறைந்துபோகலாம், நோய் பிடிபடாமல் போகலாம். சில மையங்களில் முந்தின இரவு கொழுப்புள்ள உணவு கொடுத்து வரச் சொல்வதும் இதற்காகத்தான். மயக்கத்துக்கு முன் எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்பதையும் அவர்கள் சொன்னபடி கடைப்பிடியுங்கள்.

எண்டோஸ்கோபி எட்டாத இடத்தில் நோய் இருந்தால், மாத்திரை அளவு கேமராவை விழுங்கவைத்துப் பார்க்கும் கேப்ஸ்யூல் எண்டோஸ்கோபி உண்டு. நெஞ்சிலோ வயிற்றிலோ பால்போல் நிணநீர் தேங்கினால், இடுப்பு மடிப்பில் உள்ள நிணக்கணுவில் மருந்து செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுக்கும் எம்.ஆர். லிம்ஃபாஞ்சியோகிராம் தேவைப்படும். எங்கே கசிகிறது, பெரிய நிணநீர்க் குழாய் திறந்திருக்கிறதா என்பது அதில் தெரியும். இது சில மையங்களில் மட்டுமே செய்யப்படுகிறது.

மரபணுச் சோதனை எல்லோருக்கும் தேவைப்படாது. ஆனால் முகத்தோற்றத்தில் வேறுபாடு, வளர்ச்சித் தாமதம், கைகால் நிணநீர் வீக்கம் எல்லாம் சேர்ந்திருந்தால் ஹென்னகாம் சிண்ட்ரோம் என்ற பரம்பரை நோயைத் தேடுவார்கள். நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டுவது வழக்கம், தாய்மாமனைக் கட்டுவதும் உண்டு. அதை டாக்டர் கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், குற்றம் சொல்வதற்காக அவர் கேட்கவில்லை. சொந்தத்தில் திருமணம் செய்த பெற்றோரின் பிள்ளைக்கு இந்தக் கசிவோடு வயிற்று வலி, ரத்தக் குழாயில் ரத்தம் உறைவது போன்றவையும் இருந்தால் சாப்பிள் நோயாக இருக்கலாம். சி.டி.55 என்ற மரபணுவின் குறையால் வருவது அது. 2017-இல்தான் அதன் காரணம் விளக்கமாக வெளிவந்தது. அதற்கென்றே உள்ள போஸெலிமாப் என்ற மருந்துக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. காரணம் தெரிந்தால் சிகிச்சையே மாறிவிடும் என்பதால் இந்தக் கேள்வியைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

சமையலறை: பாதி வைத்தியம் இங்கேதான்

சிகிச்சையின் முதல் படி மாத்திரை இல்லை, தட்டு. கொழுப்பு மிகக் குறைவு, புரதம் அதிகம், குறைத்த கொழுப்புக்குப் பதிலாக எம்.சி.டி. எண்ணெய். குழந்தைகளில் பலருக்கு இதை ஒழுங்காகச் செய்தாலே சில வாரங்களில் வீக்கம் வடியத் தொடங்கும். அல்புமின் முழுக்கச் சாதாரண அளவுக்கு வராமல் போகலாம், ஆனால் பிள்ளை ஓடி விளையாடும். வீக்கம் வடிந்தவுடன் பழைய சாப்பாட்டுக்குப் போனால் திரும்ப வரும். இது நீண்ட காலத்துக்கான உணவு என்று குடும்பம் முழுவதும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எம்.சி.டி. என்பது நடுத்தர நீளச் சங்கிலிக் கொழுப்பு. சாதாரண எண்ணெயில் உள்ள நீளச் சங்கிலிக் கொழுப்பு நிணநீர்க் குழாய் வழியாகத்தான் போயாக வேண்டும். எட்டு, பத்து கார்பன் உள்ள நடுத்தரக் கொழுப்பு அந்த வழிக்கே போகாமல் நேராக ரத்தத்தில் கலந்து ஈரலுக்குப் போய்விடும். பிள்ளைக்குச் சக்தியும் கிடைக்கும், குடல் குழாய்க்குச் சுமையும் ஏறாது.

இப்போது நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருகிறேன். "எம்.சி.டி. தேங்காயெண்ணெயிலதானே இருக்கு, நம்ம தோப்புத் தேங்காய் இருக்க எதுக்கு பாட்டில் எண்ணெய்?" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். எங்கள் மாமியார் அன்போடு சொன்னதும் இதைத்தான். தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், பன்னிரண்டு கார்பன் உள்ளது. அதன் பெரும்பகுதி நீளச் சங்கிலிக் கொழுப்பைப் போலவே நிணநீர் வழியாகத்தான் போகும். அதோடு இன்னும் நீளமான மிரிஸ்டிக் போன்ற கொழுப்புகளும் உண்டு. எட்டு, பத்து கார்பன் கொழுப்பு இரண்டும் சேர்ந்தே சுமார் 15 சதவீதம்தான். ஆகவே தேங்காயெண்ணெய் எம்.சி.டி. எண்ணெய்க்கு மாற்று இல்லை. எம்.சி.டி. எண்ணெயைத் தேங்காயெண்ணெயிலிருந்து பிரித்தெடுப்பது உண்மைதான், ஆனால் பிரித்தெடுத்த பிறகுதான் அது மருந்து. செக்கு எண்ணெய், வெர்ஜின் எண்ணெய் என்று எந்தப் பெயரில் வந்தாலும் கணக்கு இதுதான்.

எம்.சி.டி. எண்ணெய் நிறமும் மணமும் இல்லாமல் தண்ணீர் மாதிரி இருக்கும். முதல் நாளே முழு அளவையும் கொடுக்காதீர்கள், வயிறு வலிக்கும், பேதியாகும். டயட்டீஷியன் சொன்னதைப் பல வேளைகளாகப் பிரித்து, சிறிதில் தொடங்கி ஏற்றுங்கள். சீக்கிரம் புகைந்துவிடும் என்பதால் பொரிக்கவோ தாளிக்கவோ வேண்டாம். நாங்கள் செய்வது: குழைந்த சோற்றில் பருப்பை ஊற்றிப் பிசைந்து, இறக்கி வைத்து, ஆறிய பிறகு அளவு ஸ்பூனால் எண்ணெயை மேலே விட்டு மறுபடி ஒரு பிசை. ஐந்து மில்லி ஸ்பூன் ஒன்றில் சுமார் 40 கலோரி. கண்ணளவு வேண்டாம், மருந்துக் கடையில் கிடைக்கும் கோடு போட்ட ஸ்பூனை வாங்கிக்கொள்ளுங்கள். தோசைக் கல்லுக்குப் பதில் ஒட்டாத தவா ஒன்று தனியாக.

ஒதுக்க வேண்டியவை: தேங்காய்ச் சட்னி, தேங்காய்ப்பால் ஊற்றிய ஓலன், ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால், அவியல், நேந்திரங்காய் சிப்ஸ், நிலக்கடலை, முந்திரி, நெய், வெண்ணெய், முட்டை மஞ்சள் கரு, மத்தி, அயிலை, கோழித் தோல், ஆட்டுக் கொழுப்பு, பேக்கரிப் பண்டங்கள் எல்லாம். கொடுக்கக் கூடியவை இட்லி, தேங்காய் சேர்க்காத புட்டு, இடியாப்பம், பாசிப்பருப்பு, துவரம்பருப்பு, கொள்ளு ரசம், முட்டை வெள்ளைக் கரு, தோலுரித்த கோழி நெஞ்சுக்கறி, சங்கரா போன்ற கொழுப்பு குறைந்த மீன், காய்கறி, பழங்கள். நேந்திரம் பழத்தை வேகவைத்துத் தாராளமாகக் கொடுக்கலாம். சட்னிக்குப் பதில் பொட்டுக்கடலையும் புதினாவும் அரைத்த துவையல், மோர்க்குழம்புக்குத் தேங்காய்க்குப் பதில் ஊறவைத்த அரிசியும் துவரம்பருப்பும் அரைத்துவிட்டது. பிள்ளைகளுக்கு இது பழகிவிடும். பழகாமல் தவிப்பது பெரியவர்கள்தான்.

பால் பாக்கெட்டை வாங்கும்போது கொழுப்பு அளவைப் படியுங்கள். முழுக்கொழுப்புப் பால் 6 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டு 4.5, டோண்டு 3, டபுள் டோண்டு 1.5, கொழுப்பு நீக்கிய பால் 0.5 சதவீதத்துக்கு மேல் போகாது. வீட்டில் ஆடை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம், ஆடைக்கு அடியில் உள்ள பாலிலும் கொழுப்பு கணிசமாக இருக்கும். நன்றாகக் கடைந்து வெண்ணெய் எடுத்த மோர் நல்லது.

தாய்ப்பால் குடிக்கிற குழந்தை என்றால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எம்.சி.டி. அதிகமுள்ள பால்பவுடர்கள் உண்டு. சில பெரிய மருத்துவமனைகளில் தாய்ப்பாலிலிருந்து கொழுப்பைப் பிரித்துக் கொடுப்பதும் உண்டு. எது பொருந்தும் என்பது டாக்டரின் முடிவு.

கொழுப்பை அறவே நிறுத்துவதும் தவறு. மூளை வளர்ச்சிக்கு வேண்டிய சில கொழுப்பு அமிலங்களை உடம்பால் செய்துகொள்ள முடியாது, எம்.சி.டி. எண்ணெயிலும் அவை இல்லை. அதற்காக ஒரு சிறு அளவு சூரியகாந்தி எண்ணெய் போன்றதை டயட்டீஷியன் கணக்குப் போட்டுச் சேர்ப்பார். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கால்சியமும் மருந்தாகவே வேண்டியிருக்கும்.

கேரளத்தில் ஆயுர்வேத வைத்தியசாலை இல்லாத ஊர் இல்லை. அங்கே தரும் கிருதங்கள் நெய்யில் காய்ச்சிய மருந்துகள். வைத்தியரிடம் போவதானால் பிள்ளைக்கு நெய்யும் எண்ணெயும் உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். நீர் வடிய, ஈரலுக்கு என்று அக்கம்பக்கத்தில் சொல்லும் கஷாயங்களையும் டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

அங்கன்வாடி டீச்சரிடமும் பள்ளியிலும் எழுதிக் கொடுங்கள். கேரள அங்கன்வாடியில் தரும் அமிர்தம் நியூட்ரிமிக்ஸில் கோதுமை, கடலைப்பருப்போடு நிலக்கடலையும் சோயாவும் சேர்கின்றன, அதைக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். "டீச்சர், பிள்ளைக்கு வீட்டுச் சாப்பாடு மட்டும், யாரு எது கொடுத்தாலும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்று சொல்லிவைத்தால் போதும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஓண விருந்தான சத்யா அன்றைக்கு இலையில் சோறு, ரசம், பழம், நெய் விடாத பருப்பு என்று பிள்ளைக்கும் ஓர் இலை போடுங்கள். தனியாக உட்காரவைக்காதீர்கள்.

மருந்துகள்

அல்புமின் ஊசி ஏற்றினால் வீக்கம் சட்டென்று இறங்கும். ஆனால் ஏற்றியதும் கசிந்து போய்விடும், சில நாளில் பழையபடி. மூச்சுத் திணறல், பெரும் வீக்கம் போன்ற நெருக்கடிக்கு அது உதவும், நோய்க்கு மருந்து ஆகாது. சிறுநீர் பெருக்கி மாத்திரையும் அப்படித்தான்.

உணவு மட்டும் போதாதபோது ஆக்ட்ரியோடைடு ஊசி, புரோப்ரனலால், சிரோலிமஸ் என்று சில மருந்துகளை நிபுணர்கள் முயல்கிறார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் பலன் வேறுபடும். சிரோலிமஸ் கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வாய்ப்புண், கொலஸ்ட்ரால், தொற்று மூன்றையும் கவனிக்க வேண்டும். நோய் குடலின் ஒரு சிறு பகுதியில் மட்டும் இருந்தால் அந்தத் துண்டை அறுத்தெடுப்பது உண்டு, அது அரிது.

தடுப்பூசிகளில் உயிருள்ள கிருமி சேர்த்தவற்றை, குறிப்பாகத் தட்டம்மை, சின்னம்மை ஊசிகளைப் போடலாமா என்று நிபுணரைக் கேட்டு எழுதி வாங்கி, நர்ஸ் அக்காவிடம் காட்டுங்கள். மற்ற ஊசிகளை விடாமல் போடுங்கள். இம்யூனோகுளோபுலின் ஏற்றியிருந்தால் அந்தத் தேதியையும் சொல்ல வேண்டும், தட்டம்மை ஊசியைத் தள்ளிப்போட வேண்டி வரும்.

உடனே கிளம்ப வேண்டியவை

மூச்சு வாங்குதல். கைவிரல்கள் விறைத்து உள்ளங்கைக்குள் மடங்குதல், வலிப்பு. விரல் மடங்குவதும் வலிப்பும் கால்சியம் தரைமட்டமாக இறங்கியதன் அடையாளமாக இருக்கலாம். காய்ச்சலோடு காலில் சிவந்து சூடேறிப் பரவும் இடம். நிற்காத பேதி. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தல். வயிறு கல்லாகி வாந்தி எடுத்தல். இவற்றில் எது வந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை காத்திருக்காமல் பக்கத்தில் உள்ள அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். நோயின் பெயரை எழுதிய சீட்டைக் கையில் வைத்திருங்கள், இரவுப் பணியில் இருக்கும் டாக்டர் இந்த நோயைப் பார்த்தே இருக்க மாட்டார்.

கால் தோலைச் சுத்தமாக, ஈரப்பதத்தோடு வைத்திருங்கள். கொசுக்கடியைச் சொறிந்த புண்ணும், செருப்பில்லாமல் தோப்பில் நடந்து கிழித்த கீறலும் கிருமிக்கு வழி. இதற்குத் தேங்காயெண்ணெயை மேலுக்குத் தடவலாம், அதில் தடை இல்லை.

பணமும் ஃபைலும் எல்லையும்

உங்கள் ரேஷன் கார்டு எந்த மாநிலத்ததோ அந்த மாநிலத்துக் காப்பீடுதான் உங்களுக்கு. கேரளக் கார்டு என்றால் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி, தமிழ்நாட்டுக் கார்டு என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இரண்டிலும் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான். வாளையார் எல்லையைத் தாண்டிச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், சேர்க்கும் முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் "இந்தக் கார்டு இங்கே செல்லுமா?" என்று கேளுங்கள். மாதாமாதம் வாங்கும் எம்.சி.டி. எண்ணெய் எளிதில் இதில் வராது. அதற்குத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும்.

அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும், அரசின் குழந்தை நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் மருத்துவக் குழு 18 வயது வரையுள்ள குழந்தைகளைப் பார்த்து மாவட்ட மையத்துக்கு அனுப்பும். அவர்களிடமும் பதிவு செய்யுங்கள். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள எஸ்.ஏ.டி. மருத்துவமனை, 2021-ஆம் ஆண்டு தேசிய அரிய நோய்க் கொள்கையின் கீழ் சிறப்பு மையமாக அறிவிக்கப்பட்டது. கொள்கைப் பட்டியலில் உள்ள நோய்களுக்குத்தான் பெரும் நிதியுதவி என்றாலும், மரபணு ஆலோசனைக்கு அது நம்பிப் போகக்கூடிய இடம்.

ஃபைலில் நான்கு தாள் மேலே இருக்கட்டும்: அல்புமின், லிம்ஃபோசைட், ஐ.ஜி.ஜி., கால்சியம் தேதிவாரிப் பட்டியல். எண்டோஸ்கோபி, பயாப்சி அறிக்கை. இப்போது கொடுக்கும் மருந்தும் எண்ணெய் அளவும். கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி. எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வீட்டில் இன்னொருவர் போனிலும் வையுங்கள். பயாப்சி எடுத்த கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டியையும் மருத்துவமனையில் கேட்டு வாங்கலாம். வேறு மையத்துக்குப் போகும்போது அதையே மறுபடி பார்க்கச் சொன்னால், பிள்ளைக்கு இன்னொரு முறை மயக்கம் கொடுக்க வேண்டிய அவசியம் வராமல் போகலாம்.

மறுபரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். அல்புமின் கொஞ்சம் ஏறி இறங்கும், அதைப் பார்த்துத் துவள வேண்டாம். உயரம் கூடுகிறதா, வைட்டமின் டி எப்படி இருக்கிறது, பிள்ளையின் எடைக்கு ஏற்ப எண்ணெய் அளவையும் புரத அளவையும் மாற்ற வேண்டுமா என்ற மூன்றையும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். பிள்ளை வளர்ந்துகொண்டிருக்க, பழைய எடைக்கு எழுதிய சீட்டையே கொடுத்துக்கொண்டிருப்பது பல வீடுகளில் நடக்கிறது.